கேள்வி–பதில்: டிஸ்க் போய்ச் சேர்ந்தது, சிஸ்டம் எழவில்லை

போன இதழில் வங்கிகளின் மெயின்ஃப்ரேம் (பெரும் மையக் கம்ப்யூட்டர்) பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. பேரிடர் வந்தால் மாற்று மையத்தில் எல்லாவற்றையும் மறுபடி எழுப்புவது எப்படி என்பதுதான் அது. தொழிலில் இருப்பவர்கள் இதை டிசாஸ்டர் ரெகவரி, சுருக்கமாக 'டிஆர்' என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். கேட்டவர்களில் பலர் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் இரவு ஷிப்டில் வெளிநாட்டு வங்கிகளின் சிஸ்டங்களைக் கவனிப்பவர்கள். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்கள். அதனால் எல்லோருக்கும் பெயருக்குப் பதில் ஊரைப் போட்டிருக்கிறேன். நான் இசட்/விஎம்மில், அதாவது ஒரு மெயின்ஃப்ரேமுக்குள் பல கம்ப்யூட்டர்களை ஓட்டும் மென்பொருளில், சிஸ்டம் புரோகிராமராக வேலை பார்த்தவன். அந்த நாற்காலியில் இருந்து தெரிந்ததைத்தான் சொல்கிறேன்.

மெயின்ஃப்ரேம் கெட்டுப்போகாத இயந்திரம் என்றுதான் எங்களிடம் சொல்வார்கள். அதற்கு எதற்கு டிஆர்? 'விர்ச்சுவல் மெயின்ஃப்ரேம்' என்றால் என்ன?
*— ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், கும்பகோணம்*

இயந்திரம் கெடுவது அபூர்வம் என்பது உண்மைதான். மின்வழங்கல், செயலி, நினைவகம் என்று ஒவ்வொன்றுக்கும் உள்ளேயே மாற்று வைத்துத்தான் கட்டுகிறார்கள். ஆனால் கட்டடத்துக்குள் தண்ணீர் புகுந்தால், ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்தால், யாராவது தவறான கேபிளைக் கழற்றினால், பெட்டிக்குள் இருக்கும் மாற்று எதுவும் கைகொடுக்காது.

விர்ச்சுவல் என்பது இந்த உலகத்துக்குப் புதிதல்ல. 1960-களிலேயே, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம் ஆய்வு மையத்தில், ஒரே கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை உருவாக்கிக் காட்டும் சிபி-67 ஓடிக்கொண்டிருந்தது. 1972 ஆகஸ்டில் விஎம்/370 அறிவிக்கப்பட்டது. அதன் இன்றைய வாரிசுதான் இசட்/விஎம். 1999 கடைசியில் லினக்ஸ் மெயின்ஃப்ரேமுக்கு வந்தது. அடுத்த வருடமே லினக்ஸுக்கென்று விலை குறைந்த ஐஎஃப்எல் செயலியை ஐபிஎம் கொண்டுவந்தது. அப்புறம் வங்கிகள் அறை அறையாக அடுக்கி வைத்திருந்த சர்வர்களை ஒழித்து, நூற்றுக்கணக்கான லினக்ஸ்களை ஒரே பெட்டிக்குள், இசட்/விஎம்மின் கீழ் குடிவைத்தன. அவற்றைக் 'கெஸ்ட்' என்கிறோம்.

முன்பு ஒரு சர்வர் விழுந்தால் ஒரு சேவைதான் நிற்கும். இப்போது ஒரு இசட்/விஎம் விழுந்தால் அதற்குக் கீழிருக்கும் அத்தனை கெஸ்ட்டும் ஒரே நொடியில் விழும். எழுப்பும்போதும் அத்தனையையும் ஒரே இரவில், சரியான வரிசையில் எழுப்ப வேண்டும். டிஆர் திட்டத்தின் கனம் கூடிப்போனது இதனால்தான். ஆனால் நான் பார்த்த பல திட்டங்கள் மெயின்ஃப்ரேமின் வழக்கமான ஆப்பரேட்டிங் சிஸ்டமான இசட்/ஓஎஸ்ஸை மட்டும் மனதில் வைத்து எழுதப்பட்டவை. லினக்ஸும் இசட்/விஎம்மும் கடைசியில் ஒரு பின்னிணைப்பாக ஒட்டப்பட்டிருக்கும்.

எங்கள் டிஸ்க் முழுக்க மாற்று மையத்துக்கு ரெப்ளிகேட் (தொடர்ந்து நகல்) ஆகிறது. போன டிரில்லில் (ஒத்திகையில்) இசட்/ஓஎஸ் ஒரு மணி நேரத்தில் ஏறிவிட்டது. இசட்/விஎம் ஏறியது, ஆனால் ஒரு கெஸ்ட்கூட எழவில்லை. காலை வரை போராடினோம். டிஸ்க் எல்லாம் அங்கே இருந்தும் ஏன் இப்படி?
*— சோழிங்கநல்லூர்*

உங்கள் கேள்வியில்தான் இன்றைய டிஆர் ஏற்பாடுகளின் பெரிய ஓட்டை இருக்கிறது. அதனால் இதற்கு நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

ரெப்ளிகேஷன் கொண்டுபோய்ச் சேர்ப்பது தரவை. அந்தத் தரவு எந்த இயந்திரத்தை, எந்த முகவரியை, எந்தச் சாவியை எதிர்பார்த்து எழுதப்பட்டதோ, அது எதையும் கொண்டுபோகாது. மாற்று மையத்தில் இருப்பது வேறு சீரியல் எண் கொண்ட இயந்திரம், வேறு எண் கொண்ட கார்டுகள், வேறு ஸ்டோரேஜ் பெட்டி. இசட்/விஎம் ஏறும்போது முதலில் படிப்பது சிஸ்டம் கான்ஃபிக் என்ற கோப்பை. அதில் 'இன்ன மாடல், இன்ன சீரியல் எண் இயந்திரத்தில் ஏறினால் என் பெயர் இன்னது' என்று ஒரு வரி இருக்கும். கீழே வரும் பல வரிகள் அந்தப் பெயருக்கு மட்டும் பொருந்தும்படி குறியிடப்பட்டிருக்கும். மாற்று மையத்து இயந்திரத்தின் எண்ணை யாரும் சேர்க்கவில்லை என்றால், இசட்/விஎம் பொதுப்பெயர் ஒன்றைச் சூடிக்கொண்டு ஏறும். உங்கள் பெயருக்காக எழுதிய வரிகளை எல்லாம் தாண்டிப் போய்விடும். டிஸ்க்குகள் இணையாது, நெட்வொர்க் ஸ்விட்ச் உருவாகாது. ஆனால் கன்சோலில் பார்த்தால் சிஸ்டம் ஏறிவிட்டதாகத்தான் தெரியும். உங்களுக்கு நடந்தது இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம். முதலில் இந்த வரியைத்தான் பாருங்கள். சீரியல் எண்ணுக்குப் பதிலாக எல்பாரின் (இயந்திரத்துக்குள் பிரித்துவைத்த தனிப் பகுதியின்) பெயரை வைத்தும் இந்த வரியை எழுதலாம். இரண்டு மையத்திலும் எல்பார் பெயரை ஒன்றாக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

அது சரியாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியது யூசர் டைரக்டரி. ஒவ்வொரு கெஸ்ட்டுக்கும் எவ்வளவு நினைவகம், எந்த டிஸ்க், எந்த நெட்வொர்க் கார்டு என்று எழுதிவைத்திருக்கும் ஏடு அது. மினிடிஸ்க்காக, அதாவது ஒரு டிஸ்க்கின் துண்டாகக் கொடுத்தவை டிஸ்க்கின் லேபிளை வைத்துத் தேடப்படும். ஆகவே நிஜ முகவரி மாறினாலும் கெஸ்ட்டுக்குத் தெரியாது. விர்ச்சுவலைசேஷனின் உண்மையான வரம் இதுதான். ஆனால் யாராவது வேகம் வேண்டும் என்று ஒரு கார்டையோ டிஸ்க்கையோ நிஜ முகவரி போட்டு 'டெடிகேட்' செய்திருந்தால், மாற்று மையத்தில் அந்த முகவரியில் ஒன்றும் இருக்காது, அல்லது வேறு ஏதோ இருக்கும். ஃபைபர் சேனல் வழியாக எஸ்சிஎஸ்ஐ டிஸ்க் வைத்திருக்கும் லினக்ஸில் இது இன்னும் மோசம். லினக்ஸ் தன் டிஸ்க்கை ஸ்டோரேஜ் பெட்டியின் உலக முகவரியை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. அதைத்தான் டபிள்யூடபிள்யூபிஎன் என்கிறோம். மாற்று மையத்துப் பெட்டிக்கு வேறு எண். ரூட் டிஸ்க்கே கிடைக்காமல் லினக்ஸ் பாதி வழியில் நின்றுவிடும்.

லேபிளை வைத்துத் தேடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ரெப்ளிகேட் ஆன டிஸ்க்கும், போன டிரில்லுக்காக எடுத்த ஃபிளாஷ்காப்பி என்ற உடனடி நகலும் ஒரே எல்பாருக்குத் தெரிந்தால், ஒரே லேபிளில் இரண்டு டிஸ்க். இசட்/விஎம் முதலில் கையில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். அது பழைய நகலாக இருந்தால், எல்லாம் எழும், ஆனால் ஆறு மாதத்துக்கு முந்தைய தரவோடு. எழாமல் போவதைவிட இது பயங்கரமானது.

பிறகு ஸ்பூல். பலரும் இதைப் பிரின்ட் வரிசை என்று நினைத்து டிஆர் பட்டியலில் சேர்ப்பதில்லை. இசட்/விஎம்மில் சிஎம்எஸ் (பயனர்கள் வேலை செய்யும் சிறிய ஆப்பரேட்டிங் சிஸ்டம்) போன்ற சேமித்த சிஸ்டங்களும் பகிர்வுப் பகுதிகளும் ஸ்பூலில்தான் குடியிருக்கின்றன. ஸ்பூல் டிஸ்க் ரெப்ளிகேஷனில் இல்லை, அல்லது மற்ற டிஸ்க்குகளோடு நேரம் பொருந்தவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான வார்ம் ஸ்டார்ட் ஏற மறுக்கும். அவசரத்தில் ஆபரேட்டர் கிளீன் ஸ்டார்ட் கொடுப்பார். சேமித்ததெல்லாம் அழிந்துபோகும். கெஸ்ட்களை எழுப்ப வேண்டிய ஆட்டோலாக் பயனருக்கு டைரக்டரியில் 'சிஎம்எஸ்ஸை ஐபிஎல் (பூட்) செய்' என்று எழுதியிருக்கும். அந்தப் பெயரில் இப்போது ஒன்றுமே இல்லை. அவர் எழவில்லை, ஆகவே யாரும் எழவில்லை. பதற வேண்டாம். மெயின்ட் என்ற நிர்வாகப் பயனராக நுழைந்து, பெயருக்குப் பதில் 190 என்ற டிஸ்க்கிலிருந்தே நேரடியாக ஐபிஎல் செய்யலாம். அங்கிருந்தே சிஎம்எஸ்ஸை மறுபடி சேமித்துவிடலாம். இது தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை. தெரியாதவர் விடிய விடிய உட்கார்ந்திருப்பார். முன்னெச்சரிக்கை எளிது: எஸ்பிஎக்ஸ்டேப் கட்டளை கொண்டு ஸ்பூலைத் தவறாமல் வெளியே எடுத்துவையுங்கள்.

டிஸ்க்கைத் தாண்டியும் சில இருக்கின்றன. மாற்று மையத்தில் பெரும்பாலும் கெப்பாசிட்டி பேக்கப் (CBU) ஒப்பந்தம் இருக்கும். சாதாரண நாளில் சில செயலிகள் மட்டும் ஓடும், பேரிடரின்போது மற்றவற்றைத் திறந்துகொள்ளலாம். ஆனால் எல்பார் புரொஃபைலில் 'ரிசர்வ்ட்' ஐஎஃப்எல்களை முன்பே எழுதிவைக்கவில்லை என்றால், திறந்த செயலிகள் ஓடும் எல்பாருக்குள் தானாக வராது. பழைய இயந்திரங்களில் இறக்கி ஏற்ற வேண்டும்; புதியவற்றில் ஓடும்போதே சேர்க்க வழி உண்டு, ஆனால் அதைச் செய்யத் தெரிந்தவர் அங்கே இருக்க வேண்டும். நினைவகம் அங்கே குறைவு என்றால் பேஜிங் (நினைவகத்தில் இடமில்லாததை டிஸ்க்கில் வைப்பது) எகிறும். பேஜிங் டிஸ்க் போதாமல் நிரம்பினால் பிஜிடி004 என்ற அபெண்டோடு (திடீர் நிறுத்தக் குறியீட்டோடு) இசட்/விஎம்மே விழும். எல்லா கெஸ்ட்டையும் ஒரே மூச்சில் எழுப்பும் ஆட்டோலாக் பட்டியல்தான் இந்த விபத்துக்கு நேர்வழி. எதை முதலில், எதை மறுநாள், எதை எழுப்பவே வேண்டாம் என்று மாற்று மையத்துக்கென்று தனிப் பட்டியல் இருக்க வேண்டும்.

லைசன்ஸ் கீ பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிற நிறுவனங்களின் மென்பொருள்கள் பல, செயலியின் சீரியல் எண்ணோடு கட்டப்பட்டவை. ஷெட்யூலரோ பேக்கப் மென்பொருளோ மாற்று மையத்தில் 'இந்த இயந்திரத்துக்கு எனக்கு அனுமதி இல்லை' என்று நின்றுவிட்டால், அதிகாலையில் விற்பனையாளரின் தொலைபேசியை யார் எடுப்பார்கள்? இதைவிட ஆழமானது என்க்ரிப்ஷன். முழு டிஸ்க்கையும் என்க்ரிப்ட் செய்திருக்கும் லினக்ஸின் சாவி, கிரிப்டோ எக்ஸ்பிரஸ் என்ற என்க்ரிப்ஷன் கார்டுக்குள் இருக்கும் மாஸ்டர் கீயால் மூடப்பட்டிருந்தால், மாற்று மையத்துக் கார்டிலும் அதே மாஸ்டர் கீ ஏற்றப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கீயின் பகுதிகள் வெவ்வேறு அதிகாரிகளிடம் பிரிந்திருக்கும். அவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் பகுதியைக் கொடுத்தால்தான் ஏற்ற முடியும். தரவு ஒரு பைட் குறையாமல் வந்து சேர்ந்திருக்கும், ஆனால் படிக்க முடியாது. மாஸ்டர் கீ மாற்றும் ஒவ்வொரு முறையும் இரண்டு மையத்திலும் மாற்றியதற்குக் கையெழுத்து வாங்காத இடத்தில் இந்த ஆபத்து உறங்கிக்கொண்டிருக்கிறது.

இசட்/விஎம்மில் ஓடும் கெஸ்ட்டை நிறுத்தாமலே இன்னொரு சிஸ்டத்துக்கு நகர்த்த முடியுமே. பிறகு டிஆருக்கு இவ்வளவு பாடு எதற்கு?
*— எடிசன், நியூஜெர்சி*

லைவ் கெஸ்ட் ரீலொகேஷன் நல்ல வசதி. 2011-இல் இசட்/விஎம் 6.2-உடன் வந்தது. ஆரம்பத்தில் நான்கு சிஸ்டங்கள் ஒரு கிளஸ்டராகச் சேரலாம், 7.3-இலிருந்து எட்டு. ஆனால் நகர்த்த வேண்டுமென்றால் நகரும் இடமும் கிளம்பும் இடமும் இரண்டுமே உயிரோடு இருக்க வேண்டும், டிஸ்க்கை இரண்டும் பகிர வேண்டும். பராமரிப்புக்காக ஒரு சிஸ்டத்தை இறக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு இது வரப்பிரசாதம். இறந்துபோன சிஸ்டத்திலிருந்து எதையும் நகர்த்த முடியாது. மேலதிகாரிகளுக்கான விளக்கப் படங்களில் இதை டிஆர் என்ற தலைப்பின் கீழ் போடுகிறார்கள். பார்த்தால் தயவுசெய்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.

2015 வெள்ளத்தில் எங்கள் பகுதி மூழ்கியது. அதே சென்னையில் இரண்டு டேட்டா சென்டர் வைத்திருக்கும் நிறுவனங்கள் பாதுகாப்பானவையா? ஏன் இரண்டாவதை டெல்லியிலோ மும்பையிலோ வைப்பதில்லை?
*— வேளச்சேரி*

ஒளி கண்ணாடி இழைக்குள் ஒரு கிலோமீட்டர் போக சுமார் 5 மைக்ரோ நொடி எடுக்கும். மெட்ரோ மிரர் போன்ற சின்க்ரோனஸ் முறையில், டிஸ்க்கில் எழுதும் ஒவ்வொன்றும் அந்தப் பக்கம் பதிவாகி 'சரி' என்று பதில் வந்த பிறகுதான் இங்கே முடிந்ததாகக் கணக்கு. 100 கிலோமீட்டர் என்றால் போய்வர 1 மில்லி நொடி. சென்னையிலிருந்து மும்பை நேர்கோட்டிலேயே 1000 கிலோமீட்டருக்கு மேல். போய்வர 10 மில்லி நொடிக்கும் அதிகம். ஒவ்வொரு பரிவர்த்தனையும் பல முறை டிஸ்க்கில் எழுதும் என்பதால் இது கட்டுப்படியாகாது. அதனால் தூர மையத்துக்கு குளோபல் மிரர் போன்ற அசின்க்ரோனஸ் முறைதான். சில நொடிகள் பின்தங்கி வரும், அந்த நொடிகளின் தரவை இழக்க நேரலாம்.

ஆகவே முதன்மை மையத்தோடு அருகில் ஒன்று, தொலைவில் ஒன்று என்று மூன்று மையம் வைப்பதே சரியான ஏற்பாடு. ஒரே நகரத்தில் இரண்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு 2015 டிசம்பர் 1 இரவு ஒரு பதில். அடையாற்றில் வெள்ளம் வந்தபோது கட்டடம் மேட்டில் இருந்தும் பயனில்லை. ஊழியர் வந்துசேர சாலை இல்லை, பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் இல்லை. டிஆர் திட்டத்தில் மனிதர்கள் எங்கே இருப்பார்கள் என்று ஒரு பக்கம் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வங்கியில் டிஆர் டிரில் ஒவ்வொரு முறையும் 'வெற்றி' என்றே அறிக்கை வருகிறது. தணிக்கையாளராக நான் எதைக் கேட்டால் உண்மை தெரியும்?
*— திருச்சி*

முதலில் சட்டத்தைக் கையில் எடுங்கள். ரிசர்வ் வங்கி 2023 நவம்பரில் வெளியிட்டு, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்ப நிர்வாக வழிகாட்டு ஆணை, முக்கிய சிஸ்டங்களுக்கு அரை ஆண்டுக்கு ஒரு முறையாவது டிரில் நடத்தச் சொல்கிறது. அதோடு நிற்கவில்லை. மாற்று மையத்துக்கு உண்மையாகவே மாறி, நாள் தொடக்கப் பணியிலிருந்து நாள் முடிவுப் பணி வரை குறைந்தது ஒரு முழு வேலை நாள் அங்கிருந்து வங்கியை நடத்த வேண்டும் என்கிறது. இரண்டு மையங்களின் அமைப்பும் செக்யூரிட்டி பேட்ச்களும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஞாயிறு மதியம் சிஸ்டத்தை ஏற்றி, லாகின் திரையைப் படம் பிடித்து, இறக்கிவிட்டதற்கு 'வெற்றி' என்று எழுதியிருந்தால் அது இந்த ஆணையின்படி டிரில்லே அல்ல.

அப்புறம் இதைக் கேளுங்கள்: டிரில் நடந்தபோது முதன்மை மையம் உயிரோடு இருந்ததா? பெரும்பாலும் இருந்திருக்கும். மாற்று மையத்தில் எழுந்த லினக்ஸ்கள் பெயர்களைத் தேட முதன்மை மையத்து டிஎன்எஸ்ஸிடம் போயிருக்கும். பயனர் அடையாளத்துக்கு அங்கேயுள்ள எல்டாப்பிடம் போயிருக்கும். யாருக்கும் தெரியாது, எல்லாம் வேலை செய்யும். நிஜப் பேரிடரில் அந்த இரண்டும் இருக்காது. ஒரு டிரில்லிலாவது இரண்டு மையங்களுக்கிடையே நெட்வொர்க்கைத் துண்டிக்கச் சொல்லுங்கள். நான் பார்த்த ஒரு இடத்தில் அப்படித் துண்டித்தபோது முதலில் காணாமல் போனது டிஆர் செயல்முறை ஆவணமே. அது இருந்த விக்கி சர்வர், மீட்க வேண்டிய கெஸ்ட்களில் ஒன்று.

டிரில்லுக்கு முன் முதன்மை சிஸ்டத்தை ஒழுங்காக இறக்கினார்களா என்றும் கேளுங்கள். அழகாக இறக்கிய டிஸ்க் அழகாகத்தான் ஏறும். நிஜத்தில் எல்லாம் ஒரே நொடியில் நிற்பதில்லை. ஒரு ஸ்டோரேஜ் முதலில் போகும், சில நிமிடம் கழித்து இன்னொன்று. லினக்ஸில் ஓடும் அப்ளிகேஷன் இசட்/ஓஎஸ்ஸில் உள்ள டிபி2 தரவுத்தளத்தோடு பேசிக்கொண்டிருக்கும்போது, இரண்டின் டிஸ்க்குகளும் வெவ்வேறு கன்சிஸ்டன்சி குழுக்களில் (ஒரே கணத்தில் உறையும் டிஸ்க் கூட்டங்களில்) இருந்தால், மீட்டபின் ஒன்று 10.02-இலும் மற்றது 10.05-இலும் நிற்கும். பணம் ஒரு பக்கம் கழிந்திருக்கும், மறுபக்கம் சேர்ந்திருக்காது. ஐபிஎம்மின் ஜிடிபிஎஸ் போன்ற மீட்பு ஏற்பாடுகள் இரண்டையும் ஒரே கணத்தில் உறையவைக்க முடியும். ஆனால் இசட்/விஎம் பக்கத்தையும் அதில் சேர்த்துக் கட்டியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

கடைசியாக, டிரில்லை யார் செய்தார்கள்? வழக்கமாகச் செய்யும் அந்த ஒருவரே என்றால், அடுத்த முறை அவருக்கு விடுமுறை கொடுக்கச் சொல்லுங்கள்.

2010 ஜூலையில் ஒரு நாள் காலை டிபிஎஸ் ஏடிஎம் எதுவும் வேலை செய்யவில்லை. அப்போது நான் தினக்கூலி வாங்கிக்கொண்டிருந்தேன், மறக்க முடியாது. அவ்வளவு பெரிய வங்கிக்கு மாற்று ஏற்பாடு இல்லையா?
*— சிங்கப்பூர்*

ஜூலை 5, அதிகாலை 3 மணி வாக்கில் தொடங்கியது. மெயின்ஃப்ரேமோடு இணைந்த ஸ்டோரேஜில் ஒரு கேபிள் கோளாறு. சேவை கொடுக்கும் நிறுவனத்தின் ஊழியர்கள் அதைச் சரிசெய்யும்போது பழைய, தவறான செயல்முறையைப் பின்பற்றினார்கள். ஸ்டோரேஜுக்கும் மெயின்ஃப்ரேமுக்கும் இடையே தொடர்பே அறுந்துபோனது. ஏழு மணி நேரம் ஏடிஎம்மும் கிளைகளும் இணையவழிச் சேவையும் நின்றன. சிங்கப்பூர் நாணய ஆணையம் அந்த வங்கியைக் கண்டித்து, சுமார் 23 கோடி சிங்கப்பூர் டாலர் கூடுதல் மூலதனம் ஒதுக்கிவைக்கச் சொன்னது. ஒரே சேவை நிறுவனத்தை அளவுக்கு மீறி நம்பியிருப்பதைக் குறைக்கவும் சொன்னது.

மாற்று ஏற்பாடு இருப்பது வேறு, அதற்கு மாறுவோம் என்று சரியான நிமிடத்தில் முடிவெடுப்பது வேறு. இன்னும் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே மணிக்கணக்கில் ஓட்டிவிடுவது இந்தத் தொழிலின் பழைய நோய். இந்தியாவில் 2021 பிப்ரவரி 24 அன்று தேசியப் பங்குச் சந்தை 11.40-க்கு நின்று, மாற்று மையத்துக்கு மாறாமல், 3.45-க்குத்தான் திரும்பியது. அது மெயின்ஃப்ரேம் அல்ல, ஆனால் நோய் அதேதான். அடுத்த மாதமே செபி ஒரு விதி போட்டது: சந்தை நிறுவனங்கள் 30 நிமிடத்துக்குள் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்திலிருந்து இயங்க வேண்டும். வங்கிகளுக்கும் இப்படி நிமிடக் கணக்கு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முடிவெடுக்கும் அதிகாரத்தை அந்த இரவு பணியில் இருப்பவரிடமே எழுத்தில் கொடுக்க வேண்டும். தலைமை அதிகாரியை எழுப்பி விளக்கிப் புரியவைக்கும் நேரத்தில் பாதி இரவு போய்விடும்.

மாற்று மையத்துக்கு மாறினாலும் தீராத கோளாறும் உண்டு. 2012 ஜூனில் பிரிட்டனின் ஆர்பிஎஸ் வங்கியில், மெயின்ஃப்ரேமின் இரவு நேர பேட்ச் வேலைகளை வரிசைப்படுத்தும் மென்பொருளைப் புதுப்பித்தார்கள், சரியில்லை என்று திரும்பப் பழையதற்குப் போனார்கள். அதில் வரிசையே குலைந்தது. 65 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். அயர்லாந்தில் அல்ஸ்டர் வங்கிக்காரர்களுக்கு வாரக்கணக்கில் இழுத்தது. 2014-இல் பிரிட்டனில் மொத்தம் 5.6 கோடி பவுண்டு அபராதம். இங்கே கட்டடம் எரியவில்லை, டிஸ்க் கெடவில்லை. மிரரிங் தவறையும் அதே விசுவாசத்தோடு அந்தப் பக்கம் எழுதும். ரான்சம்வேர் வந்தாலும் இதே கதைதான். இதற்கு மருந்து, கடந்தகாலத்தின் மாற்ற முடியாத நகல்கள். ஐபிஎம்மின் டிஎஸ்8000 ஸ்டோரேஜில் சேஃப்கார்டட் காப்பி என்று 2018-இலிருந்து இருக்கிறது. ஒரு வால்யூமுக்கு 500 நகல் வரை வைக்கலாம், சர்வர் பக்கத்திலிருந்து யாரும் தொட முடியாது. வாங்கியவர்களிடம் நான் கேட்பது, எந்த நகல் சுத்தமானது என்று கண்டுபிடிக்க ஒரு தனி எல்பார் ஒதுக்கியிருக்கிறீர்களா என்பதுதான். அது இல்லாமல் 500 நகலில் எதை நம்புவது?

எங்கள் டீமில் இசட்/விஎம் தெரிந்தவர் ஒரே ஒருவர், அவர் மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். பிறகு அது என் பொறுப்பு. எனக்கு லினக்ஸ் மட்டும்தான் தெரியும். அதற்குள் என்னென்ன கற்றுக்கொள்ள வேண்டும்?
*— மதுரையிலிருந்து, சென்னையில் பணிபுரியும் வாசகி*

பயப்படாதீர்கள். இவ்வளவு தெளிவாகக் கேட்பவருக்கு இது வசப்படும். உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: இசட்/விஎம்முக்குள்ளேயே இன்னொரு இசட்/விஎம்மைக் கெஸ்ட்டாக ஓட்டலாம். 'செகண்ட் லெவல்' என்பார்கள். அதில் எதை உடைத்தாலும் நிஜ வேலை ஓடும் சிஸ்டத்துக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் மேலாளரிடம் முதலில் கேட்க வேண்டியது இதற்கான நினைவகமும் சில டிஸ்க்குகளும்தான்.

அந்தச் சிஸ்டத்தில் அவர் பக்கத்தில் இருக்கும்போதே எல்லாவற்றையும் வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். சிஸ்டம் கான்ஃபிக்கில் ஒரு வரியைத் தவறாக எழுதி ஏற்றுங்கள். ஸ்பூல் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஏற்றுங்கள். கிளீன் ஸ்டார்ட் கொடுத்து, சிஎம்எஸ் இல்லாத நிலையில் 190-இலிருந்து ஏறி மறுபடி சேமியுங்கள். டைரக்டரியைத் தப்பாக ஆன்லைன் செய்துவிட்டு மீட்டெடுங்கள். ஓடும் லினக்ஸின் டிஸ்க்கை டிடிஆர் என்ற இசட்/விஎம் நகல் கருவி கொண்டு வெளியிலிருந்து நகல் எடுத்து, திரும்ப ஏற்றிப் பாருங்கள். லினக்ஸ் எழுத வேண்டியதில் ஒரு பகுதி நினைவகத்திலேயே நிற்கும் என்பதால் அந்த நகல் அரைகுறையாக இருக்கும். கெஸ்ட்டை நிறுத்தியோ, லினக்ஸுக்குள்ளிருந்தோ பேக்கப் எடுக்க வேண்டும் என்பது உங்களுக்கே புரிந்துவிடும். அவர் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருக்கட்டும், கீபோர்டு உங்கள் கையில் இருக்கட்டும்.

அவரிடம் எழுதி வாங்க வேண்டியவை கொஞ்சம் வேறு. எந்தக் கெஸ்ட் எதற்கு என்று டைரக்டரி சொல்லாது, அவருக்குத்தான் தெரியும். எது எழுந்த பிறகு எது எழ வேண்டும் என்பதும் அப்படியே. எந்த லைசன்ஸ் எந்த மாதம் முடிகிறது, மாஸ்டர் கீயின் பகுதிகள் யார் யாரிடம், விற்பனையாளரின் அவசர எண், மெயின்ட் பயனரின் கடவுச்சொல் உறை எந்தப் பெட்டகத்தில்: இதையெல்லாம் கேளுங்கள். சிஸ்டம் கான்ஃபிக், யூசர் டைரக்டரி இரண்டையும் காகிதத்தில் அச்சிட்டு, மாற்று மையத்தில் ஒரு பிரதி, உங்கள் அலுவலகத்தில் ஒரு பிரதி வையுங்கள். மாற்றம் வரும்போதெல்லாம் புதிதாக அச்சிட்டுப் பழையதை அழித்துவிடுங்கள்.

பிப்ரவரியில் ஒரு டிரில் கேட்டு வாங்குங்கள், அவர் ஊரில் இருக்கும்போதே, ஆனால் அவர் தொடாமல். எங்கே சிக்குகிறதோ அதை எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் பதில் சொல்கிறேன்.